திண்டிவனம் தாண்டிய பிறகு

திண்டிவனம் தாண்டும்வரை எந்த வண்டியும் நல்ல வண்டிதான். சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, தாம்பரம், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் கடந்து 120 கிலோமீட்டர் வந்தவருக்கு உடம்பில் ஒரு குறையும் தெரியாது. விழுப்புரம் நெருங்கும்போது உட்காரும் இடம் காந்த ஆரம்பிக்கும். உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்பே வலக்கை விரல்கள் மரத்துப்போகும். பெரம்பலூர் வெயிலில் தோள் இறுகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். திருச்சியில் இறங்கும்போது முழங்கால் நிமிர மறுக்கும். கன்னியாகுமரிக்கு அங்கிருந்து இன்னும் பாதி வழிக்கு மேல் இருக்கிறது.

இதையெல்லாம் வயசு, பழக்கமின்மை, வண்டியின் குணம் என்று சொல்லிச் சகித்துக்கொள்வது நம் வழக்கம். சகித்துக்கொள்ளத் தேவையில்லை. ஒவ்வொரு வலிக்கும் அளந்து சொல்லக்கூடிய காரணம் உண்டு. பலவற்றுக்குச் செலவில்லாத மாற்றும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பொதுக்காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் உடம்பு பெரும் பளுவைத் தாங்கும். ஆனால் ஒரே இடத்தில், ஒரே விதமாக, மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் பளு சிறியதாக இருந்தாலும் தாங்காது. சீட்டு, கைப்பிடி, ஜாக்கெட் என்று எதை வாங்குவதற்கு முன்பும் இது மனதில் இருக்க வேண்டும். இது சொகுசு பற்றிய பேச்சு மட்டுமல்ல. வலிக்கும் உடம்பு நம் கவனத்தில் ஒரு பங்கை எப்போதும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மீடியன் இடைவெளியில் டிராக்டர் ஒன்று திடீரென்று திரும்பும் நொடியில் அந்தப் பங்கும் நமக்குத் தேவை.

சீட்டிலிருந்து தொடங்கலாம். உட்காரும்போது உடல் எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முண்டுகளின் மேல் இறங்குகிறது. கடினமான பெஞ்சில் இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தால் அவை கையில் தட்டுப்படும். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது தோலும் கொழுப்பும் கொஞ்சம் தசையும். அவற்றுக்கு உணவும் ஆக்சிஜனும் கொண்டு வருபவை முடியைவிட மெல்லிய தந்துகிகள். அமெரிக்க உடலியலாளர் யூஜின் லாண்டிஸ், நகத்தின் அடிவிளிம்பில் உள்ள தந்துகிக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி அதற்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து 1930இல் வெளியிட்டார். தமனிப் பக்கத்தில் அது சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரசம். கையில் பட்டை கட்டி மருத்துவர் பார்க்கும் 120உடன் ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. கடினமான தட்டைப் பரப்பில் உட்கார்ந்தவரின் எலும்பு முண்டுகளுக்கு அடியில் அழுத்தம் 100ஐத் தாண்டுவது சாதாரணம். 32 என்பதைத் தாண்டியதும் எல்லாம் நின்றுவிடும் என்று பொருளில்லை. உயிருள்ள திசு கொஞ்சம் ஈடுகொடுக்கும். ஆனாலும் எத்தனை மடங்கு என்பது புரியும். இரத்தம் பிழிந்து வெளியேற்றப்படுகிறது, கழிவுகள் தேங்குகின்றன, நரம்பு முனைகள் கத்துகின்றன. அந்தக் காந்தல் இதுதான்.

வீட்டு நாற்காலியில் இது நடப்பதில்லை. காரணம், நாம் அறியாமலே சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடையை இடம், வலம், முன், பின் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறோம். வண்டியில் டேங்க், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் மூன்றும் சேர்ந்து உடம்பை ஒரே நிலையில் பூட்டிவிடுகின்றன.

ஷோரூமில் பலரும் சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்தால் திருப்தி அடைகிறார்கள். நெடும்பயணத்துக்கு அந்தச் சோதனை தவறான விடையைத் தரும். மென்மையான பாலியூரிதேன் நுரை முதல் அரைமணி நேரம் சுகமாக இருக்கும். பிறகு உடல் சூட்டில் தளர்ந்து, தொடர் எடையில் அமுங்கி, எலும்பு முண்டுகள் நுரையைக் கடந்து அடித்தகட்டை எட்டிவிடும். சுற்றியுள்ள தொடைப்பகுதி வெறுமனே நுரையில் மிதக்க, எடை முழுக்க அந்த இரண்டு புள்ளிகளில் நிற்கும். அடியில் கெட்டியாகவும் மேலே மெல்லிய மென்படலமாகவும் இருக்கும் சீட்டு முதலில் உட்காரும்போது கல் மாதிரி தோன்றும்; 300ஆவது கிலோமீட்டரில் அதுதான் கைகொடுக்கும்.

சென்னை ஜி.பி. ரோடு சீட் கடைகளில் இந்தக் கணக்கைக் கையாலேயே போடுகிறார்கள். உறையைப் பிடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின்களை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, ரெக்சினை உரித்ததும் உள்ளே இருக்கும் நுரை கதையைச் சொல்லிவிடும்: உட்கார்ந்த இடத்தில் மட்டும் இரண்டு பள்ளம், நுரை அங்கே நிறம் மாறிப் பொடிந்திருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, துண்டு நுரைகளை அழுத்தி ஒட்டிச் செய்த கெட்டி ரீபாண்டட் நுரையைப் பசை போட்டுப் பொருத்துகிறார்கள். பிறகு கிரைண்டரால் தேய்த்து விளிம்பைச் சரித்து, மேலே விரல் தடிமனுக்கு மென்நுரை, அதன்மேல் உறை. அங்கே போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு. பல வண்டிகளின் சீட்டு முன்பக்கம் சரிந்திருக்கும். பிரேக் போடும்போதெல்லாம் உடம்பு டேங்க் பக்கம் வழுக்கி, எடை எலும்பிலிருந்து விலகித் தொடைகளுக்கு நடுவே உள்ள மென்பகுதியில் ஏறும். அங்கே ஓடும் நரம்பு அழுந்தி மரத்துப்போவது ஆண், பெண் இருவருக்கும் வரும். வெட்கப்பட்டு யாரும் வெளியே சொல்வதில்லை. முன்சரிவை நிரப்பிச் சமன் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

காற்றறைகள் கொண்ட மெத்தைகள் இன்னொரு வழி. சக்கர நாற்காலியில் நாளெல்லாம் இருப்பவர்களுக்கு அழுத்தப்புண் வராமல் தடுக்க உருவான யோசனை இது. அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், எலும்பு அமுக்கும் அறையிலிருந்து காற்று அடுத்த அறைகளுக்குப் போய் அழுத்தம் பரவிவிடுகிறது. வாங்கியவர்களில் பலர் அதை டயர் மாதிரி முழுக்க ஊதிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். உட்கார்ந்த பிறகு அடித்தகட்டிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில் உடம்பு நிற்கும் அளவுக்குக் காற்றை இறக்கிவிட வேண்டும். மரமணி விரிப்பு அழுத்தத்தைக் குறைப்பதில்லை; காற்றோட்டம் தருகிறது, அவ்வளவே. அதுவும் சின்ன விஷயமில்லை, ஏனென்றால் ஈரத்தோல் உலர்ந்த தோலைவிட எளிதில் உராய்ந்து புண்ணாகும். உள்ளாடையின் தடித்த தையல் எலும்புக்கு நேர் கீழே வந்தால் எந்த மெத்தையும் உதவாது.

எந்தச் சீட்டாக இருந்தாலும் இறங்கத்தான் வேண்டும். எவ்வளவு நேரம் இறங்க வேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. தண்டுவடக் காயத்தால் சக்கர நாற்காலியில் இருப்பவர்களிடம் 2003இல் வெளியான ஓர் ஆய்வு, அழுத்தத்தை விலக்கிய பிறகு திசுவில் ஆக்சிஜன் பழைய அளவுக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தது. சராசரி ஏறக்குறைய 2 நிமிடம். அதுவரை 15, 30 நொடி எம்பினால் போதும் என்றே சொல்லிக்கொடுத்து வந்தார்கள். ஓடும்போது காலியான நேர்ச்சாலையில் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்பது நல்லதுதான். ஆனால் சில நொடிகளில் வேலை முடிவதில்லை. மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, 5 நிமிடமாவது சீட்டை விட்டு விலக வேண்டும். டீக்கடையில் நிறுத்திவிட்டு அங்கேயும் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தால் அதே எலும்புகளின் மேல்தான் உட்காருகிறோம். டீயை நின்றுகொண்டு குடியுங்கள். நாலு எட்டு நடங்கள். முழங்கால் மடங்கியே இருந்ததால் காலில் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ள ஆடுசதைக்கும் அந்த நடை வேண்டும்.

அடுத்தது கை. உளுந்தூர்ப்பேட்டையில் விரல் மரத்துப்போவதற்கு இரண்டு காரணங்கள் கூட்டுச் சேர்கின்றன. முதல் காரணம் மணிக்கட்டின் கோணம். கிளட்ச், பிரேக் லீவர்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த கோணத்திலேயே பலருக்கும் இருக்கும். முன்கையும் புறங்கையும் விரல்களும் ஒரே நேர்கோட்டில் லீவர் மேல் படியாவிட்டால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி, அதற்குள் போகும் நரம்பு நெரிபடும். லீவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, சரியான கோணத்துக்குத் திருப்பி, மறுபடி முறுக்கினால் தீர்ந்தது. மெக்கானிக்கிடம் 5 நிமிட வேலை. இதற்காகவே ஒருநாள் ஒதுக்கி, வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடி, கையை இயல்பாக நீட்டி, லீவர் எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்து வைத்துவிட வேண்டும் என்பேன்.

இரண்டாவது காரணம் அதிர்வு. இங்கே நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகள் ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பி, கீழே வந்து நின்று, மறுபடி திரும்ப வேண்டும். 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள 350 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது, உச்சிப் புள்ளியில் பிஸ்டன் உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 1,200 மடங்குக்கும் அதிகம். சில நூறு கிராம் எடையுள்ள ஒரு துண்டு இப்படி ஆடும்போது எதிர்விசை முழுக்க எஞ்சின் கூட்டின் வழியாகச் சட்டகத்துக்கும், அங்கிருந்து ஹேண்டில்பாருக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் வருகிறது. கிராங்கில் வைக்கும் எதிர் எடை இதில் ஒரு பகுதியைத்தான் தணிக்கும். மீதியைத் தணிக்கக் கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் பேலன்சர் தண்டு வேண்டும். திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய புல்லட் பரம்பரையில் 2020இல் வந்த மீட்டியார் 350இன் எஞ்சின் அப்படி ஒரு தண்டுடன் வந்தது. பழைய புல்லட்டையும் இதையும் அடுத்தடுத்து ஓட்டியவர்களுக்கு வித்தியாசத்தைக் கை சொல்லும்.

அதிர்வு உடம்பை என்ன செய்யும் என்பதை முதலில் கல்லுடைக்கும் தொழிலாளர்கள்தான் உலகத்துக்குக் காட்டினார்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபர்ட் என்ற ஊர். சுண்ணாம்புக்கல் வெட்டும் இடம். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் பதிவு செய்தார். விரலின் நுண் இரத்தக்குழாய்களும் நரம்புகளும் சேதமாகியிருந்தன. ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு சென்றவர்களிடமும் போக்குவரத்துக் காவலர்களிடமும் இதே வகை அறிகுறிகளை 1990களில் ஆராய்ந்திருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு பயணம் போகிறவர் பயப்பட வேண்டியதில்லை. நாள் முழுக்க வண்டியிலேயே பிழைப்பு நடத்தும் உணவு டெலிவரித் தம்பிகளுக்கு இது தொழில் நோயாக மாற முடியும். அதைப்பற்றி நம்மூரில் யாராவது அளந்து எழுத வேண்டும் என்பது என் ஆசை.

கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு அதிர்வு கைக்குள் நுழைகிறது. தடித்த மெத்தைக் கையுறை போட்டால் பிடி நழுவுவது போலிருக்கும். அதனால் இன்னும் இறுக்கிப் பிடிப்போம், போட்டதன் பயன் போய்விடும். ஹேண்டில்பார் முனைகளில் மாட்டும் எஃகு எடைகள் நன்றாக வேலை செய்யும். முனையில் நிறை கூடினால் அதே விசைக்குக் குறைவாகவே ஆடும், அதோடு பாரின் இயல்பு அதிர்வெண்ணும் கீழே இறங்கிவிடும். அதற்கும் முன்னால் எஞ்சினைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, ஹேண்டில்பார் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று வந்த அதிர்வுக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

எஞ்சின் தரும் நடுக்கம் விரலுக்கு. சாலை தரும் ஆட்டம் முதுகுக்கு. உட்கார்ந்த மனித உடம்பு மேல்கீழ் ஆட்டத்தில் நொடிக்கு 4 முதல் 8 முறை என்ற வேகத்தில்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது. உடலதிர்வுக்கான ஐஎஸ்ஓ தரநிலையும் இந்தப் பகுதிக்கே அதிக எடை தருகிறது. அந்த வேகத்தில் முதுகுத்தண்டும் வயிற்று உறுப்புகளும் ஆட்டத்தைத் தணிக்காமல் பெருக்குகின்றன. இதைக் கான்கிரீட் சாலையில் வைத்துப் பார்க்கலாம். நம் நாட்டில் கான்கிரீட் பலகைகளின் குறுக்கு இணைப்புகள் வழக்கமாக 4.5 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். பலகைகள் கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கும் பழைய சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 22 மீட்டர். அதாவது நொடிக்கு 5 தட்டு, முதுகுக்கு மிகவும் பிடிக்காத இடத்தில். ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் அதில் போகிறவருக்கு இடுப்பு வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வேகத்தை மாற்றினால் தட்டும் மாறும்.

இங்கே உதவ வேண்டியது பின் ஷாக் அப்சர்பர். அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. சாதாரண வண்டிகளில்கூட ஸ்பிரிங்கின் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். டூல் கிட்டில் வரும் வளைந்த கொக்கி ஸ்பேனரை அந்த வளையத்தின் பள்ளத்தில் மாட்டித் தள்ளினால், கடக்கென்று அடுத்த படிக்கு ஏறி ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கிக்கொள்ளும். 55 கிலோ எடையுள்ளவர் தனியாகப் போவதற்கும், 85 கிலோக்காரர் மனைவியோடும் பையோடும் போவதற்கும் ஒரே படி பொருந்தாது. கெட்டியாக வைத்தால் ஒவ்வொரு குழியும் நேராக முதுகில் ஏறும்; தளர்வாக வைத்தால் ஷாக் அடிவரை அமுங்கி, கடைசியில் இரும்பும் இரும்பும் மோதும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் மொத்த ஓட்டத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அமுங்குவது சரி. சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டின் கீழ்விளிம்புவரை டேப்பால் அளந்து, ஆள் ஏறிய பிறகு இன்னொருமுறை அளந்தால் எவ்வளவு அமுங்கியது என்பது வந்துவிடும்.

இனி காற்று. காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரை அது ஏறக்குறைய 12 கிலோ எடை அளவுக்குப் பின்னால் தள்ளும். 100இல் 18, 19 கிலோ. அதைத் தாங்குவது கைப்பிடியைப் பற்றியிருக்கும் முன்கை, தோள், கழுத்து. அந்தத் தசைகள் சுருங்கி விரியாமல் சுருங்கியே நிற்பதால் அவற்றுக்குள்ளும் இரத்த ஓட்டம் குறைகிறது. பெரம்பலூரில் இறுகும் தோள் இதனால்தான். பிஸ்டனின் எதிர்விசையும் எஞ்சின் சுற்றின் இருமடியாகத்தான் ஏறுகிறது. ஆகவே அதே கியரில் 100இலிருந்து 80க்கு இறங்கினால் காற்றின் தள்ளலும் எஞ்சினின் உதறலும் ஒருசேர 36 சதவீதம் குறையும். கன்னியாகுமரிவரை 700 கிலோமீட்டருக்கு இதனால் கூடும் நேரம் 1 மணி 45 நிமிடம். வேகமாகப் போய், வலி தாங்காமல் அடிக்கடி நிறுத்தி இழக்கும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முன்னால் மாட்டும் காற்றுத் தடுப்புக் கண்ணாடி மார்பைக் காப்பாற்றும், ஆனால் உயரம் பொருந்த வேண்டும். அதன் மேல்விளிம்பில் கிழிபட்ட காற்று சுழல் சுழலாகப் பிரிந்து நேராக ஹெல்மெட்டில் வந்து மோதினால் தலை நடுங்கும், தூரத்துப் பலகை மங்கலாகத் தெரியும். எழுந்து நின்று பார்த்து, மேலே சுத்தமான காற்றில் அமைதியாக இருந்தால், கண்ணாடி இல்லாமல் போவதே மேல்.

காற்றின் இரைச்சல் பற்றி நம்மூரில் பேச்சே இல்லை. அது எஞ்சின் சத்தமில்லை. ஹெல்மெட்டின் கீழ்விளிம்பைச் சுற்றிக் காற்று கலங்கும்போது அங்கேயே பிறக்கும் சத்தம். அதனால் எவ்வளவு விலையுயர்ந்த ஹெல்மெட்டும் அதை முழுக்கத் தடுக்காது. நெடுஞ்சாலை வேகத்தில் காதருகே 90 டெசிபலுக்கு மேல் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்றும் சொல்கிறது. 94 டெசிபல் என்றால் 1 மணி நேரம்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை உருட்டிக் காதில் வைத்தால் இது பெருமளவு குறையும். ஹாரன் கேட்காதே என்று பயப்படுவார்கள். இரைச்சலும் ஹாரனும் ஒன்றாகத்தான் குறைகின்றன. பின்னணி அடங்குவதால் ஹாரன் தனித்துக் கேட்கும். மாலையில் இறங்கியதும் காதில் ரீங்காரமும் காரணம் தெரியாத அசதியும் இருந்தவர்கள் ஒருமுறை அடைப்பான் வைத்துப் போய்ப் பார்க்க வேண்டும்.

வெயிலைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கைகளில் பாதி தவறு. வண்டி ஓடினால் காற்று படும், காற்று பட்டால் குளிரும் என்பது தோலைவிடக் காற்று குளிர்ந்திருக்கும்வரைதான் உண்மை. தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. மே மாதம் விராலிமலைக்கும் மேலூருக்கும் நடுவே காற்றே 40 டிகிரி இருக்கும்போது, அது நம் மேல் வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. வேகம் கூடக்கூட அதிகமாகக் கொட்டும். அப்போது குளிர்விக்க எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப் போகிறது. வலிமையான ஏற்பாடு இது, ஆனால் தண்ணீர் இருக்கும்வரைதான். உலர்காற்று வியர்வையை வந்த நொடியே உறிஞ்சிவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். சுங்கச்சாவடியில் நின்றதும் சட்டை தெப்பலாக நனைவதைப் பார்த்தால்தான் இவ்வளவு நேரம் எவ்வளவு போயிற்று என்பது தெரியும்.

அதனால் வெயிலில் மெல்லிய டீ ஷர்ட்டோடு போவது இரட்டை இழப்பு. விழுந்தால் தோலுக்கும் காப்பில்லை. பாலைவனத்துப் பெதூயின் மக்கள் கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்து 1980இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சியது உண்மைதான். ஆனால் அங்கி தளர்வாக இருந்ததால், உள்ளே ஓடும் காற்று அந்தக் கூடுதல் வெப்பத்தைத் தோலுக்கு வராமலே அள்ளிக்கொண்டு போயிற்று. இரண்டு நிறத்திலும் தோலுக்கு வந்த வெப்பம் ஒரே அளவு. நமக்கும் வேண்டியது அதுவே: முழுக்கை, தளர்வு, நடுவில் காற்றுக்கு இடம். 40 டிகிரி நெருங்கும்போது வலைத்துணி ஜாக்கெட்டின் பக்கங்களைத் திறந்து போடாமல் கொஞ்சம் மூடிக்கொண்டு, உள்ளே பருத்தி பனியனைப் பங்க் குழாயில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டால், உடம்பின் வியர்வைக்குப் பதிலாக அந்தத் தண்ணீர் ஆவியாகும். உலர்ந்ததும் மறுபடி நனைத்துக்கொள்ளலாம்.

குடிப்பதைத் தாகத்திடம் விடக்கூடாது. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். வியர்வையில் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியமும் போவதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. சாலையோரத்தில் உப்புப் போட்டு விற்கும் நீர்மோருக்கு இந்த வேலையில் இணை இல்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதோடு கொஞ்சம் உப்புக் கடலையும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் கார் ஓட்டும் சிமுலேட்டரில் நடத்தி 2015இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், லேசாக நீர் குறைந்தவர்கள் செய்த ஓட்டும் பிழைகள் இரு மடங்குக்கு மேல் போயின. வண்டியில் பிழைக்கு இடம் இன்னும் குறைவு.

பின்னால் உட்காருபவரின் துன்பம் பெரும்பாலும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. பல வண்டிகளில் அவர் இருப்பது பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே. குழியின் உதை அவருக்கே அதிகம். சாலை அவருக்குத் தெரியாததால், குழி வருமுன் தசையை இறுக்கித் தயாராகவும் முடியாது. புடவை கட்டி ஒருபக்கமாக உட்காரும் பெண்ணின் இடுப்பு பக்கவாட்டில் பார்க்க, தோள் முன்னால் திரும்புகிறது. முதுகுத்தண்டு முறுக்கிய நிலையிலேயே அத்தனை உதையையும் வாங்குகிறது. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு அப்படிப் போகலாம். 300 கிலோமீட்டருக்குச் சுடிதாரோ பேன்ட்டோ அணிந்து இருபுறமும் கால் போட்டு உட்காருவதே சரி. குழிக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்வதும், நிறுத்தும் இடத்தை அவரே முடிவு செய்ய விடுவதும் ஓட்டுபவரின் கடமை.

தெற்கே போகிறவர்களுக்குத் திருநெல்வேலி தாண்டியபின் இன்னொன்று காத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து குறுகி வேகமெடுக்கும். முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதற்கு அதுவே காரணம். பக்கவாட்டிலிருந்து விட்டு விட்டு அடிக்கும் அந்தக் காற்றில் எல்லோரும் செய்வது கையை விறைத்துப் பிடிப்பது. உடம்பை அடிக்கும் ஒவ்வொரு வீச்சையும் விறைத்த கை அப்படியே ஸ்டீயரிங்குக்குக் கடத்திவிடும். வண்டி இன்னும் அலையும். தொடைகளால் டேங்கை இறுக்கிக்கொண்டு, முழங்கையை மடக்கித் தளர்வாக விட்டால், காற்றின் பக்கம் சற்றே சாய்ந்தபடி வண்டி தானே வழி பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் தூக்கத்துக்கு ஈடு எதுவும் இல்லை. உடம்பின் கடிகாரம் நள்ளிரவுக்குப் பின் விடியும்வரையும், மதியம் 2 முதல் 4 மணிவரையும் தூக்கத்தை நோக்கிச் சரியும். மதியச் சரிவு சாப்பிடாவிட்டாலும் வரும். மதுரையில் வயிறு நிறையச் சாப்பிட்டால் ஆழமாக வரும். பாட்டுப் போடுவது, முகம் கழுவுவது, ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்து காற்று வாங்குவது எல்லாம் சில நிமிடங்களுக்கு மேல் உதவுவதில்லை. அதே லஃப்பரோவில் ஜிம் ஹார்னும் லூயிஸ் ரெய்னரும் 1990களில் தூக்கக் கலக்கமுள்ள ஓட்டுநர்களிடம் செய்த சோதனைகளில் பலன் தந்த முறை வேறு. முதலில் காபி. காபின் வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் 15 நிமிடம் படுத்துக் கண்ணை மூட வேண்டும். ஆழ்ந்து தூங்காவிட்டாலும் பரவாயில்லை. எழும்போது காபி இரத்தத்தில் ஏறியிருக்கும். பங்க் ஓரத்து மரநிழலில் இதைச் செய்யலாம். இது தருவது ஒன்றிரண்டு மணி நேரத் தெளிவு மட்டுமே. மறுபடி இமை கனத்தால் இன்னொரு காபி பயன் தராது. கோவில்பட்டியோ விருதுநகரோ எது பக்கமோ அங்கே அறை எடுத்துப் படுத்துவிட்டு, மறுநாள் காலையில் மீதி தூரத்தை ஓட்ட வேண்டும்.